அழியமாட்டேன்னு அடம் பிடிக்கிற ரெஜிஸ்ட்ரி கீ: பூட்டு எந்த வகைன்னு பாத்துட்டு கை வைங்க

ஒரு சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஃபோல்டரும் போயிருச்சு, ஆனா அதோட புது வெர்ஷனைப் போடப் போனா "பழசு இன்னும் இருக்கு, மொதல்ல அதை எடுங்க"ன்னு இன்ஸ்டாலர் நின்னுருது. சரின்னு ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் தொறந்து, தேடித் தேடி அந்தக் கீயைக் கண்டுபிடிச்சு டெலீட் அமுக்கினா "எரர் வைல் டெலீட்டிங் கீ"ன்னு சின்னதா ஒரு பெட்டி வருது, ஏன் அழிக்க முடியலன்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது. நான் அட்மின் அக்கவுண்ட்லதானே இருக்கேன், என் கம்ப்யூட்டர்தானே, அப்புறம் ஏன்னு எல்லாருக்கும் கேள்வி வரும். எனக்கும் வந்துச்சு, அதுக்குப் பதில் தேடிப் போய் ஒரு தடவை நல்லா அடி வாங்கி, அப்புறம்தான் ஒழுங்கா படிச்சேன். அந்தப் பெட்டி பாக்க ஒண்ணுதான், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிற பூட்டு நாலஞ்சு வகை, ஒவ்வொண்ணுக்கும் சாவி வேற. எந்தப் பூட்டுன்னு தெரியாம கடப்பாரையைத் தூக்கினா கதவோட சேர்ந்து நிலையும் வந்துரும்.

மொதல்ல ரெஜிஸ்ட்ரின்னா என்னன்னு சுருக்கமா. விண்டோஸும் அதுல ஓடுற சாஃப்ட்வேரும் தங்களோட செட்டிங்கை எழுதி வைக்கிற பெரிய கணக்குப் புத்தகம்னு வச்சுக்கோங்க. முன்னாடி ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனித்தனியா ஐஎன்ஐ ஃபைல் வச்சிருந்துச்சு, 1992ல வந்த விண்டோஸ் 3.1ல சின்னதா ஆரம்பிச்சு, விண்டோஸ் என்டியும் 95ம் வந்தப்ப எல்லாமே இந்த ஒரே இடத்துக்கு வந்துருச்சு. இடது பக்கம் ஃபோல்டர் மாதிரி தெரியிறது கீ, வலது பக்கம் பேரும் மதிப்புமா தெரியிறது வேல்யூ. இதெல்லாம் ஏதோ காத்துல இருக்கிற விஷயம் இல்ல, சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக்னு போனா சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட்னு ஃபைல்கள் இருக்கும், அதுக்குப் பேரு ஹைவ். உங்க யூசருக்கான ஹைவ் உங்க ப்ரொஃபைல் ஃபோல்டர்ல என்டியூசர் டாட் டேட்ங்கிற ஃபைல்ல இருக்கு. ஹைவ் ஒரு ஃபைல்தான்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வழிக்குப் போறப்ப அதுதான் கை கொடுக்கும்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன். மிச்சம் மீதி கிடக்கிற கீயால கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகுதுன்னு நெனச்சு அழிக்கக் கிளம்பாதீங்க. ஒரு செத்த கீ சில பைட் இடம் எடுக்கும், யாரும் அதைப் படிக்கலன்னா அது பாட்டுக்கு கிடக்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்னு விக்கிற சாஃப்ட்வேரை யூஸ் பண்றதை நாங்க சப்போர்ட் பண்றதில்லன்னு மைக்ரோசாஃப்டே வெளிப்படையா சொல்லியிருக்கு. அழிக்க நியாயமான காரணம் வேணும்: இன்ஸ்டாலர் தடுக்குது, இல்லாத சர்வீஸைத் தேடி ஒவ்வொரு தடவையும் எரர் வருது, வைரஸ் தன்னை ஸ்டார்ட்அப்ல எழுதி வச்சிருக்கு, இந்த மாதிரி. அதுலயும் இன்ஸ்டாலர் பிரச்சனைன்னா, ப்ரோக்ராம் இன்ஸ்டால் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்னு மைக்ரோசாஃப்ட் இலவசமா ஒண்ணு கொடுக்குது, அது பாதி கெட்டுப்போன இன்ஸ்டால் கீயை அதுவே சரி பண்ணும், ரெஜிஸ்ட்ரிக்குள்ள போறதுக்கு முன்னாடி அதை ஓட்டிப் பாருங்க.

இப்ப பூட்டுக்கு வருவோம். ரொம்ப சாதாரணமா மாட்டுறது பெர்மிஷன் பூட்டுதான். ரெஜிஸ்ட்ரில ஒவ்வொரு கீக்கும் ஒரு ஓனர் உண்டு, யார் யார் என்னென்ன பண்ணலாம்னு ஒரு லிஸ்டும் உண்டு. வேல்யூவுக்குத் தனியா பெர்மிஷன் கிடையாது, அது இருக்கிற கீயோட பெர்மிஷன்தான் அதுக்கும். அதனால வேல்யூ அழியலன்னா அதுக்கு வெளியில இருக்கிற கீயைத்தான் பாக்கணும். ஓனரா இருக்கிறதும் அழிக்கிற உரிமையும் ஒண்ணு இல்லங்கிறதுலதான் நிறைய பேர் குழம்பிப் போறாங்க. பட்டா உங்க பேர்ல இருக்கு, ஆனா வீட்டுச் சாவி வாடகைக்காரர்கிட்ட இருக்குங்கிற மாதிரி. பட்டா இருந்தா சாவி யார்கிட்ட இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணலாம், ஆனா பட்டாவைக் காட்டினதும் கதவு தானா தொறக்காது. ஓனருக்கு எப்பவுமே கிடைக்கிற உரிமை அந்த பெர்மிஷன் லிஸ்ட்டைப் படிக்கிறதும் மாத்துறதும்தான். அதனாலதான் எல்லாரும் ரெண்டு படியா சொல்றாங்க, மொதல்ல ஓனரா மாறு, அப்புறம் உனக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடு. ஒண்ணை மட்டும் பண்ணிட்டு வேலை நடக்கலன்னு நிறைய பேர் விட்டுடறாங்க.

சரி அட்மினுக்கே ஏன் இல்ல? விண்டோஸ் விஸ்டாவுல இருந்து சிஸ்டத்தோட முக்கியமான ஃபைலுக்கும் கீக்கும் ஓனரா டிரஸ்டடு இன்ஸ்டாலர்னு ஒரு சர்வீஸை வச்சுட்டாங்க. சர்வீஸ் லிஸ்ட்ல அதோட பேரு விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர், அப்டேட் போடுறது அதுதான். அட்மினா ஓடுற கண்ட கண்ட சாஃப்ட்வேரும் விண்டோஸோட எலும்பைக் கடிக்கக் கூடாதுன்னு போட்ட பூட்டு அது. இன்னும் சில கீ சிஸ்டம்ங்கிற அக்கவுண்டுக்கு மட்டும்தான் தொறக்கும், சாம், செக்யூரிட்டி ரெண்டையும் அட்மின் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டும், ஆனா அங்கதான் உங்க லாகின் பாஸ்வேர்டோட ஹேஷ் (அதுல இருந்து கணக்குப் போட்டு எடுத்த அடையாள எண்) எல்லாம் இருக்கு, அந்தப் பக்கம் போகவே வேணாம்.

ஃபோல்டர்ல பழகினவங்க இன்னொரு இடத்துலயும் மாட்டுவாங்க. ஃபைல் விஷயத்துல மேல இருக்கிற ஃபோல்டர்ல உரிமை இருந்தா உள்ள இருக்கிறதை அழிச்சிரலாம்னு ஒரு வசதி உண்டு. ரெஜிஸ்ட்ரில அப்படி இல்ல, அழிக்கப் போற கீ மேலயே டெலீட் உரிமை வேணும், மேல இருக்கிற கீயோட பெர்மிஷன் கணக்குலயே வராது. போதாததுக்கு உள்ள சப்கீ இருந்தா ஒவ்வொண்ணா அழிச்சுட்டுத்தான் மேல வரணும், ரெஜ்எடிட், அதாவது ரெஜிஸ்ட்ரி எடிட்டர், அதை உங்களுக்காகப் பண்ணுது, நடுவுல எங்கயோ ஆழத்துல ஒரே ஒரு சப்கீக்கு பெர்மிஷன் இல்லன்னா மொத்தமும் நின்னுரும். அதனால மேல் கீயோட பெர்மிஷனைப் பாத்து "எனக்கு ஃபுல் கன்ட்ரோல் இருக்கே"ன்னு குழம்பாம, உள்ள ஒவ்வொரு சப்கீயோட பெர்மிஷனையும் பாத்துட்டே போங்க, எதுல உங்களுக்கு டெலீட் உரிமை இல்லையோ அதுதான் ஆளு.

கை வைக்கிறதுக்கு முன்னாடி பேக்அப். அந்தக் கீ மேல ரைட் கிளிக், எக்ஸ்போர்ட், டெஸ்க்டாப்ல சேவ். இது எல்லாரும் சொல்றதுதான், ஆனா அந்த ரெஜ் ஃபைல்ல கீயும் வேல்யூவும் மட்டும்தான் போகும், பெர்மிஷன் போகாது. திருப்பிப் போட்டா டேட்டா வந்துரும், பழைய ஓனரும் பழைய லிஸ்ட்டும் வராது. பெர்மிஷனோட சேர்த்து எடுக்கணும்னா அட்மினா தொறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்ல ரெஜ் சேவ்ங்கிற கமாண்ட் இருக்கு, அது ஹைவ் வடிவத்துலயே சேவ் பண்ணும். அதோட, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவுற ஒரு ரிஸ்டோர் பாயின்ட்டும் போட்டு வைங்க, அதை எடுக்கிற சிஸ்டம் ப்ரொடெக்ஷன் உங்க மெஷின்ல ஆஃப்ல இருக்கலாம், பாத்து ஆன் பண்ணிட்டுப் போடுங்க. முன்னெல்லாம் விண்டோஸே ரெஜ்பேக்னு ஒரு ஃபோல்டர்ல அப்பப்ப ஹைவ் காப்பி எடுத்து வைக்கும், விண்டோஸ் 10 வெர்ஷன் 1803ல இருந்து அதை நிறுத்திட்டாங்க, ஃபோல்டர் இருக்கும், உள்ள ஃபைலும் இருக்கும், சைஸ் மட்டும் பூஜ்யம். அதை நம்பி இறங்கினவங்க நிறைய பேர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறதை நான் பாத்திருக்கேன்.

இப்ப பூட்டைத் தொறக்கிற முறை. கீ மேல ரைட் கிளிக், பெர்மிஷன்ஸ், அதுல அட்வான்ஸ்டு. மேல ஓனர்னு ஒரு வரி, பக்கத்துல சேஞ்ச். அதை அமுக்கி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்னு டைப் பண்ணி செக் நேம்ஸ், ஓகே. உள்ள சப்கீ இருந்தா சப்கன்டெய்னர்களுக்கும் ஓனரை மாத்துன்னு அங்கயே ஒரு டிக் பாக்ஸ் வரும், அதையும் போட்டு அப்ளை. அப்ளை கொடுத்ததும் அந்த விண்டோவை மூடிட்டு மறுபடி தொறங்க, சில சமயம் அப்பதான் லிஸ்ட் ஒழுங்கா தெரியும். ரெண்டாவது படி, அதே இடத்துல ஆட் கொடுத்து அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு ஃபுல் கன்ட்ரோல். லிஸ்ட்ல டினைன்னு ஏதாவது வரி இருக்கான்னு கண்ணை நல்லா தொறந்து பாருங்க, நேரா போட்ட டினை வரி அலவ் வரியை ஜெயிச்சிரும், நூறு அலவ் இருந்தாலும் ஒரு டினை போதும் தடுக்க. அந்த வரியை எடுங்க. கீழ, சப்கீ எல்லாத்துக்கும் இதே பெர்மிஷனைப் போடுன்னு இன்னொரு டிக் பாக்ஸ் இருக்கும், அதைப் போட்டு ஓகே கொடுத்துட்டு டெலீட் அமுக்கினா பெர்மிஷன் பூட்டா இருந்தா இப்ப போயிரும். ஒரு வேல்யூவை மட்டும்தான் மாத்தணும், கீ அங்கயே இருக்கணும்னா வேலை முடிஞ்சதும் ஓனரைப் பழையபடி டிரஸ்டடு இன்ஸ்டாலருக்கே மாத்திடுங்க. வெறுமனே டிரஸ்டடு இன்ஸ்டாலர்னு போட்டா பேரைக் கண்டுபிடிக்காது, முன்னாடி என்டி சர்வீஸ்னு போட்டு பேக்ஸ்லாஷ் போட்டு அப்புறம் அந்தப் பேரை ஒட்டி எழுதணும்.

பெர்மிஷன் பூட்டுக்கு வீட்டுல எல்லார் மெஷின்லயும் இருக்கிற உதாரணம் யூசர்சாய்ஸ்ங்கிற கீ. பிடிஎஃப் ஃபைலை எதுல தொறக்கணும்னு நீங்க தேர்ந்தெடுத்தது அங்கதான் எழுதியிருக்கும். கண்ட சாஃப்ட்வேரும் வந்து தன்னை டிஃபால்ட்டா போட்டுக்கக் கூடாதுன்னு அந்தக் கீல உங்க பேருக்கே வேல்யூ எழுத டினை போட்டிருக்கும், விண்டோஸ் 8ல இருந்து கூடவே ஒரு ஹேஷும் வச்சிருக்கு, கையால மாத்தினா ஹேஷ் பொருந்தாம விண்டோஸ் அதை ஏத்துக்காது. 2024ல இருந்து பிடிஎஃப், பிரவுசர் ரெண்டுக்கும் இதுக்குன்னே ஒரு தனி டிரைவரும் (விண்டோஸுக்குள்ள ஆழத்துல ஓடுற ப்ரோக்ராம்) காவலுக்கு வந்துருச்சு, ரெஜ்எடிட்ல பெர்மிஷனை மாத்திட்டுப் போனாலும் விடாது. செட்டிங்ஸ்ல டிஃபால்ட் ஆப்ஸ்ல போய் மாத்துறதுக்கு பத்து செகண்ட் ஆகும், இங்க வந்து மல்லுக்கட்ட ஒரு காரணமும் இல்ல.

நான் வாங்கின அடியையும் இங்க சொல்லணும், ஏன்னா பூட்டைத் தொறக்கத் தெரிஞ்ச தைரியத்துலதான் அது நடந்துச்சு. சித்தப்பா கடையில பில்லிங் போடுற கம்ப்யூட்டர், அதுல ஒரு ஆன்டிவைரஸ் அன்இன்ஸ்டால் பாதில நின்னு போச்சு. ரீஸ்டார்ட் பண்ண பண்ண ஏதோ எரர். நான் போய் கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ் கீழ அந்த ஆன்டிவைரஸ் பேர்ல இருந்த நாலஞ்சு கீயை, அத்தியாவசியமானதை மட்டும் ஏத்துற சேஃப் மோட்ல போய், மேல சொன்ன மாதிரியே ஓனர் மாத்தி, பெர்மிஷன் கொடுத்து, எல்லாத்தையும் அழிச்சேன். அழிஞ்சுருச்சு. ரீஸ்டார்ட் பண்ணா லாகின் ஸ்கிரீன்ல கீபோர்டு வேலை செய்யல, வேற கீபோர்டு மாத்தி சொருகினாலும் இல்ல. சாயந்தரம் வியாபார நேரம், வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க, சித்தப்பா ஒண்ணும் சொல்லாம பில் புக்கை எடுத்து கையால எழுத ஆரம்பிச்சாரு. அவர் திட்டியிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

என்ன ஆச்சுன்னா அந்த ஆன்டிவைரஸ் கீபோர்டு டிரைவருக்கு மேல தன்னோட ஒரு ஃபில்டர் டிரைவரை உக்கார வச்சிருந்துச்சு, டைப் பண்றதைத் திருடாம பாதுகாக்க. அந்த டிரைவரோட சர்வீஸ் கீயை நான் அழிச்சுட்டேன், ஆனா "கீபோர்டை ஸ்டார்ட் பண்ணும்போது இந்த டிரைவரையும் சேர்த்து ஏத்து"ன்னு வேற ஒரு இடத்துல எழுதியிருந்ததை நான் பாக்கவே இல்ல. கன்ட்ரோல், கிளாஸ்ங்கிற கீக்குக் கீழ நீளமா நம்பரும் எழுத்துமா பேர் வச்ச கீ நிறைய இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு வகை டிவைஸ், கீபோர்டோடது 4டி36இ96பின்னு ஆரம்பிக்கும். அதுல அப்பர்ஃபில்டர்ஸ்னு ஒரு வேல்யூ. அதுல ரெண்டு வரி இருந்துச்சு, ஒண்ணு அந்த ஆன்டிவைரஸ் டிரைவர், இன்னொண்ணு கேபிடிகிளாஸ். விண்டோஸ் மொத வரில இருக்கிற டிரைவரைத் தேடுது, கிடைக்கல, அதனால கீபோர்டையே ஸ்டார்ட் பண்ணல. மவுஸ் வேலை செஞ்சதால லாகின் ஸ்கிரீன்ல ஓரத்துல இருக்கிற அக்செஸிபிலிட்டி ஐகான்ல ஆன்ஸ்கிரீன் கீபோர்டை எடுத்து பாஸ்வேர்டு போட்டு உள்ள போய், போன்ல தேடிப் படிச்சு, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், கீபோர்டு வந்துருச்சு. நல்லவேளை அவசரத்துல அந்த வேல்யூவையே மொத்தமா அழிக்கல, அழிச்சிருந்தா கேபிடிகிளாஸும் சேர்ந்து போயிருக்கும், அது விண்டோஸோட சொந்த கீபோர்டு டிரைவர், அது இல்லன்னாலும் கீபோர்டு கிடையாது. இதே தப்பு ஹார்ட் டிஸ்க் வகையில நடந்தா விண்டோஸே பூட் ஆகாம நீல ஸ்கிரீன்ல நிக்கும். அதனால சர்வீசஸ் கீழ ஏதாவது டிரைவர் கீயை அழிக்கிறதா இருந்தா, அந்தப் பேரை ரெஜிஸ்ட்ரி முழுக்க ஃபைன்ட் போட்டுத் தேடி, அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ்ல எங்கயாவது இருக்கான்னு பாத்து, அங்க இருந்து மொதல்ல எடுங்க, கீயைக் கடைசியா அழிங்க. இன்னும் நல்லது, பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனி பல பேரு தங்க சாஃப்ட்வேரைத் துடைச்சு எடுக்கிறதுக்குன்னே தனியா ஒரு ரிமூவல் டூல் கொடுக்கிறாங்க, எதை எங்க எழுதினோம்னு எழுதினவங்களுக்குத்தான் முழுசா தெரியும்.

இதே காரணத்துக்காக ஈனம் (Enum)ங்கிற கீ பக்கமும் நேரா போகாதீங்க. இது வரைக்கும் சொருகின யூஎஸ்பி, பிரின்டர், மோடம் எல்லாத்தோட விவரமும் அங்க இருக்கும், சிஸ்டம் அக்கவுண்டுக்கு மட்டும்தான் எழுதற உரிமை, அட்மினுக்குப் படிக்க மட்டும். பழைய காம் போர்ட் நம்பரைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது, எடுக்கணும்னா டிவைஸ் மேனேஜர்ல வியூ மெனுல ஷோ ஹிடன் டிவைசஸ் போட்டா மங்கலா பழசெல்லாம் தெரியும், ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால், அது ஈனம்ல இருக்கிறதை முறையா எடுத்துரும். விண்டோஸ் 10 வெர்ஷன் 2004ல இருந்து பிஎன்பியூடில்ங்கிற கமாண்டாலயும் டிவைஸை எடுக்கலாம்.

அடுத்த வகை, அழியுது, ஆனா எஃப்5 அமுக்கினா திரும்ப வந்து உக்காந்திருக்கு, இல்லன்னா பெர்மிஷன் எல்லாம் சரியா இருந்தும் அழிய மாட்டேங்குது. இது பெர்மிஷன் விஷயமே இல்ல, யாரோ காவல் இருக்காங்க. எக்ஸ்பி காலத்துல இருந்தே ஒரு டிரைவர் விண்டோஸோட மையப் பகுதியான கெர்னல்கிட்ட "ரெஜிஸ்ட்ரில யார் எதைத் தொட்டாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேளு"ன்னு பதிஞ்சு வைக்க வழி இருக்கு. ஆன்டிவைரஸ் தன்னோட கீயைக் காப்பாத்துறது இப்படித்தான், நீங்க ஓனரா இருங்க, ஃபுல் கன்ட்ரோல் வச்சிருங்க, அந்த டிரைவர் கூடாதுன்னா கூடாது. விண்டோஸ் டிஃபெண்டர்ல 2019ல வந்த டேம்பர் ப்ரொடெக்ஷனும் இப்படி வெளியில இருந்து செட்டிங்கை மாத்த விடாம தடுக்கிறதுதான், அதை விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள போய்த்தான் ஆஃப் பண்ண முடியும். யார் திருப்பி எழுதுறாங்கன்னு கண்டுபிடிக்க ப்ராசஸ் மானிட்டர்னு ஒரு அருமையான டூல் இருக்கு, சிஸின்டர்னல்ஸ் டூல்ல ஒண்ணு, மார்க் ரூசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் ஆரம்பிச்சது, 2006ல மைக்ரோசாஃப்ட் வாங்கிருச்சு, இலவசம். அதைத் தொறந்து ஃபில்டர்ல பாத்ங்கிறதுல உங்க கீயோட பேரைப் போட்டுட்டு கீயை அழிச்சுப் பாருங்க, அடுத்த செகண்ட் யார் மறுபடி உருவாக்கினாங்கன்னு ப்ராசஸ் பேரோட வரி வந்து நிக்கும். அந்த ப்ராசஸை நிறுத்திட்டு அழிச்சா கீ திரும்ப வராது. பேர் தெரிஞ்சும் நிறுத்த முடியலன்னா சேஃப் மோட், அங்க வெளி டிரைவர் பெரும்பாலும் ஏறாது, காவல்காரன் இல்லாத நேரம்.

மூணாவது வகை எனக்கு ரொம்பப் பிடிச்சது, நேரம் எடுத்து சொல்றேன். கிளிக் பண்ணா "சிஸ்டத்தால இதைக் கண்டுபிடிக்க முடியல"ன்னு வரும், ஆனா கண்ணு முன்னாடி லிஸ்ட்ல இருக்கு. விண்டோஸோட உள் கெர்னல் ஒரு பேரை எழுத்தை எண்ணி ஞாபகம் வச்சுக்கும், பத்து எழுத்துன்னா பத்து எழுத்து, அவ்வளவுதான். அதுக்கு மேல இருக்கிற, சாதாரண சாஃப்ட்வேர் எல்லாம் யூஸ் பண்ற லேயர் அப்படி இல்ல, பூஜ்யம்னு ஒரு எழுத்து வர்ற வரைக்கும் படிக்கும், பூஜ்யம் வந்தா பேர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இப்ப ஒருத்தன் வேணும்னே கெர்னலை நேரா கூப்பிட்டு பேருக்குள்ளயே ஒரு பூஜ்யத்தை வச்சு கீ உருவாக்கினான்னா, கெர்னலுக்கு அது முழுப் பேரு. ரெஜ்எடிட்டுக்கு பூஜ்யம் வரைக்கும் இருக்கிற பாதிப் பேர்தான் புரியும், அந்தப் பாதிப் பேரை வச்சுத் தேடினா அப்படி ஒரு கீயே இல்ல. முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட அதுக்கு வாயே கிடையாது, அதனால தொறக்கவும் முடியாது, பெர்மிஷன் பாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. டிரயல் நாள் எப்ப முடியுதுன்னு ஒளிச்சு வைக்க சில சாஃப்ட்வேர் இதைப் பண்ணும், வைரஸும் பண்ணும். 2014ல பேசப்பட்ட பவலிக்ஸ்ங்கிற வைரஸ் ஃபைலே வைக்காம ரெஜிஸ்ட்ரிக்குள்ளயே குடியிருந்துச்சு, ஸ்டார்ட்அப் எழுத்தையும் ரெஜ்எடிட்டால காட்ட முடியாத எழுத்துல பேர் வச்சு ஒளிச்சு வச்சிருந்துச்சு. இந்தப் பூட்டுக்கு சாவி ரெஜ்டெல்நல், இதுவும் சிஸின்டர்னல்ஸ்தான். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எந்தக் கீக்குக் கீழ தேடணும்னு கொடுத்து, உள்ளயும் தேடுன்னு எஸ் ஸ்விட்ச் போட்டா, இப்படி பூஜ்யம் வச்ச கீயை மட்டும் கண்டுபிடிச்சு அழிக்கட்டுமான்னு ஒவ்வொண்ணா கேக்கும். காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேரோட லைசென்ஸ் கீயா இருந்தா வேணாம்னு சொல்லுங்க, இல்லன்னா லைசென்ஸ் போயிரும்.

சின்னச் சின்னதா இன்னும் சிலது இருக்கு. "டெலீட்டுக்குக் குறிச்சாச்சு"ன்னு 1018ங்கிற எரர் வந்தா அந்தக் கீ ஏற்கனவே அழிஞ்சாச்சு, ஆனா யாரோ அதைத் தொறந்து வச்சிருக்காங்க, அவங்க கைய விட்டதும் போயிரும், ரீஸ்டார்ட் பண்ணுங்க போதும். சர்வீஸ் அழிக்கிறப்ப 1072 வந்தாலும் அதே கதைதான், பெரும்பாலும் சர்வீசஸ் விண்டோவோ டாஸ்க் மேனேஜரோ தொறந்து கிடக்கும், மூடிட்டுப் பாருங்க. ஹார்டுவேர்ங்கிற கீ டிஸ்க்லயே கிடையாது, ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் புதுசா மெமரில எழுதுறது, அதை அழிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. அன்இன்ஸ்டால் லிஸ்ட்ல பேர் இன்னும் தெரியுதுன்னா அழியலன்னு முடிவு பண்ணாதீங்க, அந்த லிஸ்ட் மூணு இடத்துல இருந்து வருது: லோக்கல் மெஷின் சாஃப்ட்வேர், அதுக்குள்ள 32 பிட்டுக்குன்னு இருக்கிற வாவ்6432நோடு, அப்புறம் கரன்ட் யூசர். ஒண்ணுல அழிச்சுட்டு இன்னொண்ணை விட்டிருப்பீங்க.

இது எதுவும் நடக்கலன்னா கடைசி வழி, விண்டோஸ் ஓடாத நேரத்துல போறது. பிஎஸ்எக்ஸெக்ங்கிற டூலால ரெஜ்எடிட்டை சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓட்டுற வழியும் ஒண்ணு இருக்கு, அட்மினுக்கு இல்லாத நிறைய உரிமை அதுக்கு உண்டு, ஆனா காவல் டிரைவர் ஓடிட்டு இருந்தா அதுவும் தோத்துரும். ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டே ரீஸ்டார்ட் அமுக்கினா நீல மெனு வரும், அதுல டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தா அதோட ரிக்கவரி கீயைக் கேக்கும், அதைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. அங்க ரெஜ்எடிட்னு டைப் பண்ணா தொறக்கும், ஆனா தெரியிறது உங்க ரெஜிஸ்ட்ரி இல்ல, அந்த ரிப்பேர் விண்டோஸோடது, இங்கதான் ஆளுங்க ஏமாறுவாங்க. லோக்கல் மெஷினை செலக்ட் பண்ணிட்டு ஃபைல் மெனுல லோட் ஹைவ், அங்க உங்க விண்டோஸ் இருக்கிற டிரைவுக்குப் போய் (எழுத்து சி இல்லாம டியோ இயோ ஆகியிருக்கலாம்) கான்ஃபிக் ஃபோல்டர்ல சிஸ்டமோ சாஃப்ட்வேரோ எது வேணுமோ அந்த ஃபைலைத் தொறந்து, பழசுன்னு ஏதாவது ஒரு பேர் கொடுங்க. உங்க விண்டோஸ் தூங்குறதால டிரைவர் காவல் எதுவும் இல்ல, பெர்மிஷன் மட்டும் மிச்சம் இருந்தா மேல சொன்ன மாதிரி மாத்திக்கலாம். சிஸ்டம் ஹைவ்ல கரன்ட்கன்ட்ரோல்செட்னு ஒண்ணு இருக்காது, பதறாதீங்க, அது விண்டோஸ் ஓடும்போது மட்டும் இருக்கிற குறுக்கு வழி, உண்மையான கீ கன்ட்ரோல்செட்001 மாதிரி நம்பரோட இருக்கும். ஒண்ணுக்கு மேல இருந்தா செலக்ட்ங்கிற கீல கரன்ட்னு இருக்கிற வேல்யூ எந்த நம்பரோ அதைத்தான் தொடணும். அழிச்சு முடிச்சதும் நீங்க பேர் வச்ச அந்தக் கீயை செலக்ட் பண்ணி ஃபைல் மெனுல அன்லோட் ஹைவ் கொடுத்துட்டு, அப்புறம் வெளிய வந்து கன்டின்யூ அமுக்குங்க. விண்டோஸ் வந்ததும் அதே இடத்துக்குப் போய் கீ இல்லன்னு ஒரு தடவை பாத்துட்டு, டிவைஸ் மேனேஜரையும் தொறந்து மஞ்சள் முக்கோணம் எதுவும் புதுசா வந்திருக்கான்னு பாத்துருங்க.